காலை ஏழு மணி எடை

போன வாரம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை விழுந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்னவள் தன் அக்காவைப் பார்த்து, "நீ பதினேழு வருஷமா பட்டன்தானே அழுத்தறே" என்று சொல்லிவிட்டாள். பெரியவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை என்ன செய்தாள் தெரியுமா? அதே தங்கை செய்த கருவிக்காகத் தன் மேலாளர் முன்னால் போய் நின்றாள். அக்காமார்களை யாரால்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

அவள் கேட்டது ஒரே ஒரு நாள். மருந்து கம்பெனியின் ஆய்வகத்தில் ஒரு மேசை, ஒரு மதியம், அவ்வளவுதான். மேலாளர் தலையைச் சொறிந்துவிட்டு ஒத்துக்கொண்டார். குழந்தைகளுக்கான வைட்டமின் சி சொட்டு மருந்தில் ஐந்து பாட்டில் எடுப்பது. ஆய்வகத்துப் பெரிய மெஷின் ஒரு பக்கம், சின்னவளின் சென்சார் ஒரு பக்கம். இரண்டும் சொல்லும் அளவு இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் கம்பெனி அந்த சென்சாரை எடுத்துக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சின்னவளின் ஆராய்ச்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேறு எந்தக் கம்பெனியும் அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை.

அந்த நாள் இன்றுதான்.

பெரியவள் வழக்கம்போல ஏழு மணிக்கு முன்னால் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. அதுதான் அவளுக்கு வேண்டும். எடை பார்க்கும் மெஷின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட அதில் தெரியும். யாராவது கதவைச் சாத்தினால் கடைசி எண் ஆடும். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலும் ஆடும். எட்டு மணிக்கு மேல் அந்த அறையில் கதவு சாத்தாத நிமிஷமே கிடையாது. அதனால் அவள் பதினேழு வருடமாகக் காலை ஏழு மணிக்குத்தான் எடை போடுகிறாள். ஒரு தடவைகூட அவள் எடை தப்பியதில்லை. கம்பெனியில் எல்லாரும் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். உள் டெலிபோனை எடுத்தால் அவளே, "தராசு பேசறேன்" என்பாள். முதலில் அது கிண்டலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லையென்று சொன்னால் அது பொய்.

அவள் எடை போடுவது சுத்தமான வைட்டமின் சி பொடியை. அதைத் தண்ணீரில் கரைத்து, பழுப்புக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அளவையும் நேரத்தையும் சீட்டில் எழுதி ஒட்டுவாள். ஆய்வகத்தில் அதற்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர். காய்கறிக் கடைக்கு எடைக்கல் எப்படியோ, மருந்தின் அளவைச் சொல்லும் பெரிய மெஷினுக்கு அது அப்படி. இந்தக் கரைசலில் இவ்வளவு இருக்கிறது என்று முதலில் மெஷினுக்குக் காட்டினால்தான், பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று அது திருப்பிச் சொல்லும்.

சீட்டில் 7.05 என்று எழுதினாள். குடுவையின் மூடியில் ஒரு சின்னச் சில்லு உடைந்திருக்கும். அந்தப் பக்கம் தன்னைப் பார்க்கும்படி மூடியைத் திருகி வைத்தாள். அதுவும் பழைய பழக்கம்தான்.

மதியம் ஒன்றரைக்குச் சின்னவள் தோளில் ஒரு பையோடு வந்தாள். வழியில் லோடு ஏற்றும் இடத்தில் அவளுடைய அத்தான், அதாவது பெரியவளின் கணவர், பிடித்துக்கொண்டார். அங்கே அவர்தான் சூப்பர்வைசர். "என்னம்மா, தீக்குச்சி எல்லாம் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தீக்குச்சி என்று சொன்னது சென்சாரின் ஸ்ட்ரிப்பை. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் அகலமான பிளாஸ்டிக் துண்டு, நுனியில் கரி மையால் அச்சடித்த மூன்று சின்னக் கோடுகள். அதன்மேல் மருந்துக் கரைசலில் ஒரு சொட்டு விட்டு, மின்சாரத்தைத் துளித்துளியாக ஏற்ற வேண்டும். குறிப்பிட்ட இடம் வந்ததும் வைட்டமின் சி தன்னிடமிருக்கும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். அது லேப்டாப் திரையில் ஒரு மேடாக எழும்பும். மேடு உயரமாக இருந்தால் வைட்டமின் அதிகம், குட்டையாக இருந்தால் குறைவு. எல்லாம் நாற்பது நொடிதான். பெரிய மெஷின் அதே வேலைக்குப் பாட்டிலுக்குப் பத்து நிமிஷம் எடுக்கும்.

சின்னவள் தன் ஸ்டாண்டர்டுக்கான பொடியைக் கல்லூரியிலேயே எடை போட்டு, சின்னக் குப்பியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அங்கேயே கரைத்தாள். மூன்று ஸ்ட்ரிப்பில் அதை வைத்து சென்சாரைச் சரிபார்த்தாள். பெரியவள் ஐந்து பாட்டிலையும் திறந்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாள். சின்னவள் சொட்டு விட ஆரம்பித்தாள். முதல் ஸ்ட்ரிப்பில் காற்றுக் குமிழ் விழுந்து மேடு கோணலாக வந்தது. அதை எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

சென்சார் முதல் பாட்டிலுக்கு எண்பத்தெட்டு என்றது. நூறு இருக்கவேண்டிய இடத்தில் எண்பத்தெட்டு. தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்த மருந்து வெளியே போகக் கூடாது. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் எண்பத்தெட்டுக்கு முன்னே பின்னேதான். இரண்டாவது பாட்டில் எண்பத்தெட்டு, மூன்றாவதும் எண்பத்தெட்டு. ஐந்துக்கும் அதே எண்தான்.

மூன்று மணிக்குப் பெரிய மெஷினின் காகிதம் வந்தது. ஐந்து பாட்டிலுக்கும் தொண்ணூற்றெட்டு.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

"பத்து சதவீதம்மா" என்றார் மேலாளர். "இதை வித்தியாசம்னு சொல்ல முடியாது. இது வேற மருந்து." அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் மனிதர், அவ்வளவுதான்.

சின்னவள் பத்து நிமிஷம் கேட்டாள். பெரியவளால் அங்கே நிற்க முடியவில்லை. அழுக்குக் குடுவைகளை அள்ளிக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது. சின்னவள் நிமிர்ந்து பார்க்காமலே மேலாளரிடம், தன் சென்சாரில்தான் ஏதோ கோளாறு என்றும், நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்காவைப் பார்க்கக்கூட இல்லை.

மேலாளர் காகிதத்தை நீட்டினார். நான்கு மணி லாரியில் இந்த பேட்ச் போயாக வேண்டும், ஆஸ்பத்திரிகள் காத்திருக்கின்றன. பெரியவள் மருந்தை வெளியே விடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மணி மூன்று பத்து.

ஆனால் அவள் மனது சமாதானமாகவில்லை. சின்னவளா கோளாறை ஒத்துக்கொண்டாள்? மூன்று வயதில் உடைத்த டம்ளரை இன்றுவரைக்கும் ஒத்துக்கொள்ளாதவள். தோற்றாலும் வாதாடிவிட்டுத்தானே தோற்பாள்?

மேசையைத் துடைக்கும்போது கண்ணாடித் தட்டில் கிடந்த ஸ்ட்ரிப்களை எண்ணினாள். எதைப் பார்த்தாலும் எண்ணுவது அவள் தொழில். ஐந்து பாட்டிலுக்கு மும்மூன்றாகப் பதினைந்து. குமிழ் விழுந்தது ஒன்று, முதலில் சரிபார்த்தது மூன்று. மொத்தம் பத்தொன்பது இருக்க வேண்டும். தட்டில் இருபத்தொன்று இருந்தது.

இன்னொரு தடவை எண்ணினாள். இருபத்தொன்றுதான்.

அந்த இரண்டைச் சின்னவள் எதில் வைத்தாள்? பாட்டில்களைப் பெரியவளே மூடி எடுத்து வைத்திருந்தாள். சின்னவளின் சொந்தக் கரைசலும் காலி. மேசைமேல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பெரியவள் பழுப்புக் குடுவையைப் பார்த்தாள். மூடியின் உடைந்த சில்லு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் கண் சீட்டுக்குப் போனது. 7.05.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

வைட்டமின் சி தண்ணீரில் கரைந்த நிமிஷத்திலிருந்தே காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை இந்த ஆய்வகத்தில் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். முன்பெல்லாம் ஏழு மணிக்குக் கரைத்தால் எட்டு மணிக்கு மெஷினில் ஏற்றிவிடுவார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் காலை நேரத்தில் மெஷினை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டு, சொட்டு மருந்துச் சோதனையை மதியம் இரண்டுக்கு மாற்றினார்கள். சோதனை நேரம் மாறியது. எடை போடும் நேரத்தை அவள் மாற்றவில்லை. காலை ஏழு மணியின் அமைதியை விட அவளுக்கு மனது வரவில்லை. எடை சரியாக இருக்கவேண்டுமே என்ற கவலையில், எடை போட்ட பொருள் ஏழு மணி நேரம் கிடந்து வீணாவதை அவள் யோசிக்கவே இல்லை. மெஷினிலும் ஸ்டாண்டர்டின் மேடு குட்டையானபோது, உள்ளே ஒளி பாய்ச்சி அளக்கும் விளக்கு பழசாகியிருக்கும் என்று சொல்லி மேலாளர் டிக் அடித்துவிட்டார்.

எடைக்கல் தேய்ந்துபோனால் எந்தக் காயும் கூடுதலாகத்தான் எடை காட்டும். எண்பத்தெட்டு தொண்ணூற்றெட்டாகத் தெரிந்தது இப்படித்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கொட்டகையில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ரெண்டு ஸ்ட்ரிப் கூட இருக்கு. எதுல வெச்சே?"

"விடுக்கா. பஸ் வந்துரும்."

"என் ஸ்டாண்டர்ட் எவ்வளவு காட்டுச்சு?"

சின்னவள் பையின் வாரை முறுக்கினாள். "தொண்ணூறு. ரெண்டு தடவையும்."

"தெரிஞ்சுதான் கோளாறு உன்னுதுன்னு சொன்னியா?"

"சென்சார் போனா இன்னொண்ணு செஞ்சுக்கலாம். தராசுன்னு பேர் வாங்க உனக்கு பதினேழு வருஷம் ஆச்சு. அன்னிக்கு வேற நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

பெரியவளுக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

"நீ எனக்காக வாயை மூடிக்கிட்டா, பாட்டில்ல இருக்கற எண்பத்தெட்டு தொண்ணூத்தெட்டா ஆயிடுமாடி? அதை குடிக்கப்போறது குழந்தைங்க. எந்திரி."

லோடு ஏற்றும் இடத்தில் லாரியின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் மனைவியைப் பார்த்ததும் ஏதோ கேலி செய்ய வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். மருந்தின் அளவு தப்பு, தப்பு தன்னுடையது என்றாள்.

"வாய் வார்த்தைக்கு நான் நிறுத்தினா என்னை உரிச்சுடுவாங்க" என்றார் அவர். "விடுன்னு சொன்ன கையெழுத்து யாருதோ, நிறுத்துன்னும் அவங்கதான் போடணும். யோசிச்சுத்தான் சொல்றியா?"

அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். அவர் கையிலிருந்த அனுமதிக் காகிதத்தில் தன் கையெழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே நிறுத்தவும் என்று எழுதி, நேரத்தையும் எழுதி, மறுபடி கையெழுத்திட்டாள். மூன்று முப்பத்தாறு. அவர் டிரைவரிடம் போய்ச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் இதுவரை செய்த அத்தனை அசட்டுக் கேலிகளையும் மன்னித்துவிடலாம்.

ஆய்வகத்தில் அது நாளின் மோசமான நேரம். ஆட்கள் போவதும் வருவதுமாக, கதவுகள் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தன. பெரியவள் எடை மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். புதிதாக ஸ்டாண்டர்ட் போட வேண்டும், அதுவும் இப்போதே. கடைசி எண் நிற்கவே இல்லை.

சின்னவள் போய்க் கதவில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றாள். வெளியே யாரோ தள்ளினார்கள், திட்டினார்கள். அவள் நகரவில்லை. ஆறு நிமிஷம் அப்படியே நின்றாள். எண் நின்றது.

கரைத்த ஐந்தாவது நிமிஷத்தில் அதை மெஷினில் ஏற்றினார்கள். அதே கரைசலில் ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பிலும் வைத்தார்கள். சென்சார் நூறு என்றது. பிறகு மேலாளரையும் கூப்பிட்டுவிட்டு, பாட்டிலின் முடிவுக்காக மூவரும் நின்றார்கள். மெஷின் காகிதத்தைத் துப்பியது. எண்பத்தெட்டு புள்ளி மூன்று.

சின்னவளின் சென்சார் ஜெயித்துவிட்டது. ஆனால் அங்கே ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

மேலாளர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, பக்குவமாகப் பேசினார். இன்று ஒரு நாள் ஸ்டாண்டர்ட் பழசாகிவிட்டது, கவனித்துச் சரிசெய்துவிட்டோம் என்று எழுதலாம். ஒரு பேட்ச் நிற்கும், அதோடு போகும். சென்சாரையும் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அதற்கு அவர் பொறுப்பு. பெரியவள் பேரும் கெடாது, தங்கைக்கும் வழி பிறக்கும். பழைய ரிஜிஸ்டரைக் கிளற வேண்டிய அவசியம் என்ன?

சொல்லப்போனால் நல்ல வழிதான். பெரியவள் ஒரு நிமிஷம் அதை நினைத்துப் பார்த்தாள். நினைக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கு மட்டும்தான்னு எழுதினா, பதினேழு வருஷத்துல நான் போடற முதல் பொய் எடை அதுதான் சார்" என்றாள் பெரியவள். "ஒவ்வொரு பேட்ச்சுலயும் ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சிருக்கோம். எல்லாத்தையும் திரும்பப் பார்த்துடலாம். மாதிரி அலமாரி சாவியைக் குடுங்க."

மேலாளர் சாவியைக் கொடுக்கவில்லை. மேலே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று, சாவியோடு வெளியே போனார்.

பெரியவள் எடை ரிஜிஸ்டரை எடுத்தாள். அடுத்த அறைக்குப் போய் மெஷின் ரிஜிஸ்டரையும் கொண்டுவந்தாள். இரண்டும் பதினேழு வருடமாக வெவ்வேறு அறையில் இருப்பவை. முதல் தடவையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒன்றில் 7.05, 7.00, 7.10. இன்னொன்றில் 2.15, 2.20, 2.30. எல்லாம் அவளுடைய அழகான கையெழுத்து. நான்கு மாதத்து வரிகளையும் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தாள்.

கணவர் உள்ளே வந்தார். லாரி நின்றது நின்றபடி இருக்கிறது, அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது என்றார். மேலாளர் மேலேதானே போயிருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்றாள் சின்னவள்.

"மேலே போகலையே" என்றார் அவர். "மாதிரி அலமாரி இருக்கற பக்கம்தான் போனாரு. கையில ஒரு காலி அட்டைப்பெட்டி வேற."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் மிச்சமிருந்த ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அத்தானும் பின்னாலேயே போனார். நடைபாதையில் அவர்கள் ஓடும் சத்தம் கேட்டது.

மேசைமேல் டெலிபோன் அடித்தது.

பெரியவள் அது நான்கு தடவை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்தாள்.

"தராசு பேசறேன்."

முதலாளிதான். லாரியை நிறுத்தியது யார் என்று கேட்டார். அவள் சொன்னாள். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னாள். இன்றைக்கு ஒரு பேட்ச்தானே, அவ்வளவுதானே என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்பதுபோலக் கேட்டார்.

அவள் விரல் ரிஜிஸ்டரின் கடைசி வரியில் இருந்தது. அதை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனாள்.

"இல்லைங்க ஐயா. முப்பத்தொண்ணு" என்றாள். "தேதி சொல்றேன். எழுதிக்கிறீங்களா?"